பல் தெரியாத பூச்சு

செய்தி வந்தபோது மாலை நாலரை மணி. ஆனால் அது அவர் காதுக்கு எட்ட இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒலிப்பதிவு அறையின் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிவப்பு எரிந்தால் உள்ளே யாரும் நுழையக் கூடாது. வானொலி நிலையத்தின் இயக்குநரே வந்தாலும் நிற்க வேண்டும். அந்தச் சட்டத்தை இத்தனை வருடமாகக் கட்டிக் காத்தவரே ஒலிப்பதிவாளரான அவர்தான். ஆகவே செய்தி கதவுக்கு வெளியே நின்றது. வரவேற்பறைப் பெண் கையைப் பிசைந்துகொண்டு அதன் பக்கத்தில் நின்றாள்.

உள்ளே அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு பெண் கதை வாசிப்பதைப் பதிவு செய்துகொண்டிருந்தார். வாசித்தவள் ஒரு சொல்லில் தடுக்கி விழுந்து சிரித்துவிட்டாள். அவரும் சிரித்துவிட்டு, "பரவாயில்ல, மறுபடி வாசிங்க" என்றார். அவள் மறுபடி வாசித்து முடிக்கும் வரை அவர் மனைவி உள்ளவராகவே இருந்தார்.

விளக்கு அணைந்தது. கதவைத் திறந்தார். வரவேற்பறைப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததுமே பாதி தெரிந்துவிட்டது. "சார், உங்க வீட்டம்மா..." என்று இழுத்தாள்.

வேலை முடிந்து பட்டறையின் உடை மாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்த அவர் மனைவி அப்படியே சாய்ந்துவிட்டாள். தலைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்திருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் தண்ணீர் கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் செய்த முதல் காரியம் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்ததுதான். இடது தோளெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு மேடு. இதயம் சுணங்கினால் தட்டி எழுப்புகிற கருவி. அது தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. முன்னால் போகப் போகிறவர் அவர்தான் என்று குடும்பமே முடிவு கட்டி வைத்திருந்தது. அவள் மட்டும் அதை ஒப்புக்கொண்டதே இல்லை. "நான் பூசின முனை உள்ள இருக்கு. நீங்க எப்படிப் போவீங்க, பாத்துடறேன்" என்பாள்.

அவள் சொன்னதுதான் நடந்தது. அவர் போகவில்லை. ஆனால் அவள் கதையை அழுகையிலிருந்து தொடங்குவது நியாயமில்லை. அவள் ஜெயித்தவள். என்ன ஜெயித்தாள், யாரை ஜெயித்தாள் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

வேலை இடத்தில் அவளைப் பூச்சி அக்கா என்பார்கள். பூச்சுப் போடுகிறவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். ஒல்லி உடம்பும் ஓரிடத்தில் நிற்காத காலும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டன. கல்யாணமான புதிதில் பட்டறைக்கு ஒருநாள் அவளைத் தேடிப் போனவர் காதில் அந்தப் பெயர் விழுந்தது. அன்றிலிருந்து வீட்டிலும் அவள் பூச்சிதான். இயற்பியல் படித்தவள். பள்ளிக்கூட வேலைக்குக் காத்திருந்த நாட்களில், சும்மா இருப்பானேன் என்று, டயர் கடைக்குப் பின்னால் இருந்த பூச்சுப் பட்டறையில் சேர்ந்தாள். பள்ளிக்கூட வேலை வந்தபோது போகவில்லை.

பட்டறை என்றால் கரியும் புகையுமாக இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாந்துதான் வர வேண்டும். செருப்பைக் கழற்றி, காலுக்கும் தலைக்கும் உறை மாட்டி, கைக்கு மெல்லிய கையுறை போட்ட பிறகுதான் உள்ளே விடுவார்கள். ஒருவருடைய விரல் ரேகை பட்டால் போதும், பூச்சு அந்த இடத்தில் பிடிக்காது. நடுவில், ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு எஃகு உருளை ஒன்று. அதற்கு அண்டா என்று பெயர். பொருட்களை உள்ளே மாட்டிக் கதவை மூடினால், பம்பு உள்ளிருக்கும் காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிடும். பிறகு துளியூண்டு வாயுவை விட்டு மின்சாரத்தை ஏற்றினால், ஊதா நிறத்தில் ஒரு வெளிச்சம் பற்றிக்கொள்ளும். டைட்டேனியத் தகட்டிலிருந்து அணு அணுவாகப் பெயர்ந்து வந்து எதிரே இருக்கும் பொருளின் மேல் படியும். கூட நைட்ரஜன் சேர்ந்தால் பொன்னிறம். பொன் இல்லை; பொன்னைவிடக் கெட்டி. கதவுக் கைப்பிடி, குளியலறைக் குழாய், கடிகார மூடி என்று பளபளக்க ஆசைப்படுகிற எல்லாமே அந்த அண்டாவுக்குள் போய் வந்தன.

பூச்சு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஆயிரம் கருவி இருக்கலாம். அந்தப் பட்டறையில் ஒரே வழிதான். ஒவ்வொரு முறையும் பொருட்களோடு கூட ஒரு சின்னத் தகட்டையும் மாட்டிப் பூசுவார்கள். அதற்குச் சாட்சி என்று பெயர். அண்டாவைத் திறந்ததும் சாட்சியை ஜன்னல் ஓரம் எடுத்துப் போய், முகத்துக்கு நேராகப் பிடித்து, ஈ என்று இளிக்க வேண்டும். பல் வரிசை பளிச்சென்று தெரிந்தால் சரக்குத் தேறியது. மங்கலாகத் தெரிந்தால் குப்பை. முதலாளியிலிருந்து பொருட்களைக் கழுவுகிறவர் வரை எல்லாரும் பல் பார்த்தார்கள். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் வெட்கப்படுவார்கள், அடுத்த வாரம் தாங்களும் இளிப்பார்கள்.

அவருடைய அக்காவுக்கு, அதாவது அவளுடைய நாத்தனாருக்கு, இந்த வேலை எப்போதும் தொண்டையில் சிக்கிய முள்.

"தம்பி, உன் பொண்டாட்டி இப்பவும் பாத்ரூம் குழாய்க்குப் பவுடர் போடற வேலைக்குத்தான் போறாளா?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அவள் குரல் வரும். "ஆமா அண்ணி. நான் போட்ட பவுடர் இருபது வருஷம் ஆனாலும் போகாது. உங்களுது டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள போயிடுது."

"வாய் மட்டும் நல்லாப் பூசி விட்டிருக்கு!"

இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஆனால் நாத்தனார் போன பிறகு அவள் துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்குவாள். ஒருநாள் துலக்கிக்கொண்டே சொன்னாள்: "நான் பூசினதை எல்லாம் எல்லாரும் பாக்கறாங்க. யாருமே பாக்காத இடத்துல ஒண்ணு இருக்கணுங்க. ஆளுக்குள்ள. அது பாட்டுக்கு வேலை செஞ்சுகிட்டு. அப்பதான் எனக்கு மனசு ஆறும்."

அந்த ஆசை நிறைவேறுகிற மாதிரி ஒரு வாய்ப்பு வந்தது. இதயக் கருவி செய்கிற ஒரு கம்பெனி, கருவியிலிருந்து இதயத்துக்குப் போகிற கம்பியின் முனையைப் பூசித் தர ஆள் தேடியது. முனை என்றால் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. அது இதயத்தின் உட்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வேலை அதற்கு: மின்சாரத்தால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், தட்டிய பிறகு இதயம் பதில் சொல்கிறதா என்று கேட்க வேண்டும். முதலாளி யோசித்தார். ஒரு பெரிய ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் குழாய்கள் அத்தனையும் பட்டறைக்கு வரவிருந்தன.

"ஹோட்டல் சரக்கு வர்ற வரைக்கும் அண்டா உனக்கு" என்றார் அவளிடம். "அதுக்குள்ள தேறிச்சுன்னா தனி ரூமே போட்டுத் தர்றேன். தேறலன்னா பேசாம குழாய்க்கு வந்துடணும். இதயம் கிதயம்னு அப்புறம் என்கிட்ட வரக் கூடாது."

"வர மாட்டேன்."

அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வேலை பார்த்தாள். முனைகளைக் கழுவி, மறுபடி கழுவி, பூதக்கண்ணாடியில் பார்த்து, அண்டாவில் மாட்டினாள். சாட்சித் தகட்டில் பல் மட்டுமா தெரிந்தது, பல்லிடுக்கே தெரிந்தது. ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சடாரென்று பிய்த்துப் பார்த்தார்கள். ஒரு பொட்டுக்கூடப் பெயரவில்லை. முதலாளி சாட்சியைப் பார்த்து இளித்துவிட்டு, "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு" என்றார். அனுப்பினார்கள்.

கம்பெனியிலிருந்து பேசியவர் முனைகளை உப்புத் தண்ணீரில் போட்டுச் சோதிக்கிறவர். பட்டறையில் அவருக்கு உப்புத்தண்ணி என்றே பெயர் விழுந்துவிட்டது. நல்ல மனிதர், ஆனால் பேச்சில் சிக்கனம்.

"ஒட்டுது மேடம். தேயல. ஆனா அடங்க மாட்டேங்குது."

"அடங்கலன்னா?"

"தட்டினதும் மின்சாரம் கொஞ்சம் முனையிலயே தங்கிடுது. அது வடியறதுக்குள்ள இதயம் பதில் சொல்லிடும். அந்தப் பதில் இதுல மூழ்கிப் போயிடுது. பதில் வரலன்னு நினைச்சுக் கருவி இன்னொரு தட்டுத் தட்டும். பேட்டரி வீணாப் போகும். பேட்டரி போனா மறுபடி அறுவை."

அழுக்கு இருக்கிறது, அதில்தான் மின்சாரம் தங்குகிறது என்று அவள் நினைத்தாள். அந்தப் பட்டறையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். இன்னும் கழுவினாள். பூசுவதற்கு முன்னால் முனைகளை மெருகேற்றினாள். அடுத்த முறை அனுப்பியது முதலில் அனுப்பியதைவிடப் பளபளத்தது. உப்புத்தண்ணி, "முன்னைவிட மோசம் மேடம்" என்றார். அதற்கு அடுத்தது கண்ணைக் கூசியது. "ரொம்ப மோசம்."

வீட்டில் அவள் சாப்பாட்டுத் தட்டைக்கூட வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கினாள். நாத்தனார் ஒருநாள் வந்தவர், "என்னடி, தட்டுலயா முகம் பாக்கற? கண்ணாடி வாங்க வக்கில்லையா என் தம்பிக்கு?" என்றார். வழக்கமாகச் சுடச்சுடப் பதில் வரும். அன்று அவள் தட்டை மறுபக்கம் திருப்பி அதையும் பார்த்தாள். நாத்தனாரே பயந்து போய், தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "உடம்பு கிடம்பு சரியில்லையா அவளுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஹோட்டல் சரக்கு லாரியில் ஏறிவிட்டது என்று தகவல் வந்த வாரத்தில் இன்னொரு இடி விழுந்தது. அண்டாவைத் திறந்தால், முனைகள் கறுத்துப் போயிருந்தன. சாட்சித் தகடு அடுப்பில் வைத்து எடுத்த மாதிரி. அவள் இளித்தாள். பல்லும் இல்லை, உதடும் இல்லை. கழுவுகிற அண்ணன் உள்ளே தலையை விட்டுப் பார்த்து, வாயு வருகிற குழாயின் வால்வு இளகியிருப்பதைக் கண்டுபிடித்தார். தேவைக்கு மேல் வாயு புகுந்திருந்தது. அவர் அதை அந்த இடத்திலேயே கழற்றிச் சரிசெய்து, முறுக்கி, "இனிமே அசையாது" என்று நெஞ்சை நிமிர்த்தினார். அவள் கறுத்த முனைகளைத் தள்ளுபடிச் சரக்குப் போடுகிற பிஸ்கட் டப்பாவில் கொட்டினாள். சாட்சியையும் அதில் எறிந்தாள். உப்புத்தண்ணிக்கு அனுப்பி மானத்தை வாங்கிக்கொள்வானேன்?

முதலாளி சாந்தமாகத்தான் சொன்னார். "திங்கக்கிழமை குழாய் மாட்டிடலாம்மா. நீயும் என்னதான் பண்ணுவ."

ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு நிலையத்தில் வேலை இருந்தது. மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டார். அவள் எடுத்துக்கொண்டு போனாள். பதிவு இன்னும் தொடங்கவில்லை. அறைக்குள் அவர் மட்டும் கம்பிகளை நீவிக்கொண்டிருந்தார். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"இந்தக் கண்ணாடியில மேல இருக்கற லைட்டு எல்லாம் தெரியுது. பேப்பரைப் பாத்தா ரெண்டு லைட்டு, வாசிக்கறவங்களைப் பாத்தா ரெண்டு லைட்டு."

"பட்டறை மூலையில பழைய கண்ணாடிக் கூடு ஒண்ணு கெடக்கு, குட்டி அண்டா மாதிரி. கடிகாரக் கண்ணாடிக்கு எல்லாம் அதுலதான் பூசுவோம், லைட்டு தெரியாம இருக்க. ஒருநாள் உங்களுதையும் வச்சு எடுத்துத் தர்றேன்" என்றாள். பிறகு சுவரைப் பார்த்தாள். "இந்தச் சுவரை ஏன் இப்படி அழுக்கா வச்சிருக்கீங்க? துடைக்கவே மாட்டாங்களா?"

"அழுக்கில்ல பூச்சி, அது அந்த மாதிரிதான். பஞ்சுப் பலகை. குண்டும் குழியுமா, துளைதுளையா இருக்கும்." அவர் கையை ஒரு தட்டுத் தட்டினார். "என்ன கேட்டுது?"

"ஒண்ணும் கேக்கல. தட்டினது கேட்டுது, அவ்வளவுதான்."

"அதான் வேணும். இதே நம்ம வீட்டுக் குளியலறையில தட்டிப் பாரு. டைல்ஸ் எல்லாம் பளபளன்னு இருக்கு இல்ல? சத்தம் போகவே போகாது. இங்க ஒருத்தர் கேள்வி கேக்கறாருன்னு வையி. அந்தச் சத்தம் அடங்காம சுத்திகிட்டே இருந்தா, எதிர்ல இருக்கறவர் பதில் சொல்றது அதுலயே மூழ்கிப் போயிடும்."

அவள் நின்ற இடத்தில் நின்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"மூழ்கிப் போயிடும்னேன்."

"அதுக்கு முன்னாடி."

"பளபளன்னு இருந்தா..."

அவள் சுவரின் அருகே போய் விரலால் தடவினாள். பிறகு அந்தச் சுவரைப் பார்த்து ஈ என்று இளித்தாள்.

"பல் தெரியல" என்றாள்.

"பல்லா? ஏன், பல் வலிக்குதா?"

கைப்பையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள். "ஏய், வீட்டுச் சாவியைக் குடுத்துட்டுப் போ!" என்று அவர் கத்தியதும் அவள் காதில் விழவில்லை. அந்த அறையின் சுவர் எந்தச் சத்தத்தையும் வெளியே விடாது.

சத்தம் வேறு, மின்சாரம் வேறு. அது அவளுக்குத் தெரியாதா? ஆனால் போகிற வழியிலேயே அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பிறகு அவருக்கு அவள் அதை இப்படி விளக்கினாள்: பிளாஸ்டிக் விரிப்பில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினால் அப்படியே தேங்கி நிற்கும். அதே தண்ணீரைத் துவாலையில் ஊற்றினால் எங்கே போனதென்றே தெரியாது. துவாலையில் இழை இழையாக எழும்பி நிற்பதால் இடம் அதிகம். வாயு அதிகமாகப் புகுந்த அன்று பூச்சும் அப்படித்தான், இழை இழையாக நிமிர்ந்து வளர்ந்திருக்க வேண்டும். மேலே விழுகிற வெளிச்சம் இழைகளுக்கு நடுவே போய்ச் சிக்கிக்கொள்கிறது, அதனால்தான் கறுப்பு. மின்சாரத்துக்கும் பரவி உட்கார அவ்வளவு இடம், அதனால் குவியாது.

பட்டறைக் காவலாளி கதவைத் திறந்துவிட, அவள் பிஸ்கட் டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள். தங்கத்துக்கு நடுவில் கறுப்பைத் தேடுவது சுலபம்தான். ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து, கழுவி, உறையில் போட்டு, மறுநாள் காலை முதல் வேலையாக அனுப்பினாள்.

அண்டாவில் ஹோட்டல் குழாய்கள் ஏறின. அவள் குழாய்களைப் பூசினாள். சாட்சியில் பல் பார்த்தாள். போன் அடிக்கும்போதெல்லாம் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தாள். கழுவுகிற அண்ணன், "நீ இளிக்கற இளிப்பைப் பாத்தா குழாயே பயந்துடும், கொஞ்சம் சிரிச்ச முகமா இளி" என்று கேலி செய்து பார்த்தார். எடுபடவில்லை.

போன் வந்தது. உப்புத்தண்ணிதான். வழக்கமான சிக்கனத்தைக் காணோம்.

"மேடம், இது என்ன மேடம்! தட்டினேன், அடங்கிடுச்சு. மிஷின் கெட்டுப் போச்சோன்னு வேற மிஷின்ல போட்டேன். அதுலயும் அடங்கிடுச்சு! இவ்வளவு நாளா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"பிஸ்கட் டப்பாவுல" என்றாள் அவள்.

"நானும் யோசிச்சேன் மேடம். மத்தவங்க அனுப்பறது எல்லாம் கறுப்பாத்தான் இருக்கும். நீங்க தங்கமா அனுப்பினதும், இவங்க ஏதோ புது வித்தை வச்சிருக்காங்க போலன்னு நினைச்சேன்."

"அதை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அடுத்தவன் சரக்கைப் பத்தி வாய் திறக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கி வச்சிருக்காங்களே! இப்பவும் சொல்லக் கூடாதுதான். நீங்களும் கலர் என்னன்னு கேக்கவே இல்லையே."

கேட்கவில்லைதான். பூச்சு என்றால் பளபளப்பு என்று இருக்கிற பட்டறையில் அதை யார் கேட்பார்கள்?

ஆனால் கொண்டாட நேரமில்லை. ஒருமுறை வந்தது மறுபடியும் வர வேண்டும். எத்தனை முறை பூசினாலும் அதே மாதிரி வர வேண்டும். அவள் கழுவுகிற அண்ணனிடம் ஓடினாள்.

"அண்ணே, அன்னிக்கு அந்த வால்வு எவ்வளவு இளகியிருந்துது?"

"நான்தான் அப்பவே சரி பண்ணிட்டேனே!"

"அதை ஏன் சரி பண்ணினீங்க?"

"இது நல்லா இருக்கே! கெட்டுப் போச்சு, சரி பண்ணினேன்."

"மறுபடி கெடுக்க முடியுமா?"

அண்ணன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இந்தப் பட்டறையில என்கிட்ட முதல் தடவையா ஒரு நல்ல வேலை கேக்கற" என்றார்.

முதலாளி ஹோட்டல்காரருக்குப் போன் போட்டு, அண்டா பழுது என்று கூசாமல் பொய் சொன்னார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அண்டாவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். வால்வைக் கொஞ்சம் திறந்தார்கள்: பொன்னிறம். இன்னும் கொஞ்சம்: பழுப்பு. அதற்கும் மேல் போனால் ஒட்டுநாடாவோடு பொடியாக உதிர்ந்து வந்தது. கறுப்பும் வேண்டும், கெட்டியும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம், ஊசி முனை அளவு. அதைத் தேடி அந்த வாரம் முழுக்க மூடினார்கள், திறந்தார்கள், ஒட்டினார்கள், பிய்த்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் அண்டாவைத் திறந்தபோது சாட்சி கரிக்கட்டை நிறத்தில் இருந்தது. நாடாவை ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிய்த்தாள். நாடா வந்தது. பூச்சு வரவில்லை.

முதலாளி அந்தத் தகட்டை வாங்கி, ஜன்னல் ஓரம் போய், பழக்க தோஷத்தில் இளித்தார்.

"ஒரு மண்ணும் தெரியலம்மா!" என்று சந்தோஷமாகக் கத்தினார்.

பட்டறையே ஓடி வந்து வரிசையாக நின்று அதைப் பார்த்து இளித்தது. யாருக்கும் பல் தெரியவில்லை. இப்படி ஒரு சிரிப்பை அந்த ஜன்னல் அதற்கு முன் பார்த்திருக்காது. அந்த முறை பூசிய முனைகள் அத்தனையும் தேறியதாக உப்புத்தண்ணி எழுதி அனுப்பினார். அதற்குப் பிறகு நடந்த சோதனைகள் நீளம், வருடக்கணக்கில் போயின. எல்லாவற்றிலும் முனை நின்றது. முதலாளி சொன்ன சொல் தவறாமல் தனி அறை போட்டுத் தந்தார். அறையின் கதவில் அந்தக் கறுத்த சாட்சித் தகட்டை மாட்டி, கீழே கழுவுகிற அண்ணன் தன் கையாலேயே எழுதி வைத்தார்: 'பல் தெரிந்தால் வெளியே போ.'

அறை கிடைத்த அன்று வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே நின்று, "அண்ணிக்குப் போன் போடுங்க" என்றாள். போட்டார். "அண்ணி, குழாயை விட்டுட்டேன். இனிமே ஆளுக்குள்ள பூசறேன்" என்றாள். அந்தப் பக்கம் நாத்தனார், "உள்ள பூசினா யாருக்குடி தெரியும்?" என்றார்.

"அதான் அண்ணி வேணும்!"

வருடங்கள் போயின. ஒருநாள் ஒலிப்பதிவு அறையில் அவர் மயங்கி விழுந்தார். இதயம் நினைத்தபோது ஓய்வெடுத்துக்கொள்கிறது, கருவி வைத்தே ஆக வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு டாக்டரிடம் கேட்டாள்:

"முனை என்ன நிறம் டாக்டர்?"

"ஜவுளிக்கடையா இது? நிறம் கேக்கறீங்க!"

"ஒரு தடவை காட்டுங்க. உறையைப் பிரிக்க வேண்டாம்."

பக்கத்தில் இருந்த நர்ஸ் சிரித்துக்கொண்டே, ஒளி ஊடுருவும் உறைக்குள் சுருட்டி வைத்திருந்த கம்பியைக் கொண்டுவந்து காட்டினாள். பூச்சி தன் கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். உறைக்கு வெளியிலிருந்தே முனையைத் தேடிப் பிடித்து, மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள். படுக்கையில் கிடந்தவர் என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்து கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஈ என்று இளித்தாள்.

"பல் தெரியல. போடுங்க" என்றாள். கையெழுத்தும் போட்டாள்.

டாக்டர் என்ன நினைத்தாரோ, அன்று மாலை அவளைத் தனியாக அழைத்து, பயப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொன்னாராம்.

அந்த முனை அவள் அண்டாவிலிருந்து வந்ததுதானா என்று கேட்டால், இல்லை என்று சொல்ல அவரால் முடியாது, ஆம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அந்தக் கம்பெனிக்கு வேறு இடத்திலிருந்தும் முனை போகிறது. அவளுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. சாயங்காலங்களில் அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பாள். "தட்டினதும் அடங்கிடுது பாருங்க. நான் சொல்றது எதையும் நீங்க மனசுல வச்சுக்கறதில்ல. உங்களுக்கு ஏத்த முனைதான்" என்பாள்.

இப்போது தன் குழாய்க் கேலியை எல்லாம் நாத்தனார் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவரையும் தம்பியின் நாற்காலிக்கு இழுத்து வந்தார். "அவ என்ன வேலை பாத்தான்னா கேக்கறீங்க? இங்க கையை வையுங்க. வையுங்க, ஒண்ணும் ஆகாது. என் தம்பி நெஞ்சுல உள்ள இருக்கறது அவ பூசினது. வெளியில தெரியற வேலையா அவ பாத்தா? உங்க வீட்டுக் குழாய் மாதிரியா?" முன்பின் தெரியாதவர்கள்கூடச் சட்டைக்கு மேல் கையை வைத்து, கண்ணை விரித்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். அவர் தடுக்கவில்லை. அக்கா இத்தனை பெருமையாகப் பேசி அவர் கேட்டதில்லை. அவள் கேட்டிருந்தால் உச்சி குளிர்ந்திருப்பாள். கூடவே, "பவுடர் கலையுது அண்ணி" என்றும் சொல்லியிருப்பாள்.

கழுவுகிற அண்ணன் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் பட்டறையில் வைத்திருந்தவை: பூதக்கண்ணாடி, சீப்பு, இன்னொரு ஜோடிச் செருப்பு, மெல்லிய துணியில் சுற்றிய அவருடைய பழைய மூக்குக் கண்ணாடி. பூசித் தருவதாகப் பத்து வருடம் தவணை சொன்ன பிறகு போன வாரம்தான் அதை ஒருவழியாக எடுத்துப் போயிருந்தாள். பழைய கண்ணாடிக் கூட்டில் ஒரு தடவைக்கு ஒரு வில்லைதான் உட்காரும் என்று அண்ணன் விளக்கினார்.

அவர் அதை மாட்டிப் பார்த்தார். வலது வில்லையில் விளக்கு தெரியவில்லை. இடது வில்லைக்கு இன்னும் பூச்சு ஆகவில்லை.